கோட்டை வாங்கியவர்

பெரிய வீடுகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிச் சாமானை எதனால் துடைப்பது, மேசையில் எந்தக் கிளாஸ் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு இப்போது வகுப்புகள் இருக்கின்றன. நான் பழகிய காலத்தில் வகுப்பு இல்லை. பிழைவிட்டால் வீட்டுக்காரி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையோடு பாடம் முடிந்தது.

நான் சொல்ல வந்தது வகுப்பில் வராத சங்கதி. உங்களுக்குச் சம்பளம் தருகிற மனிதர் ஒருநாள் காலையில் எழும்பி, முகம் கழுவி, தெளிந்த குரலில், மகா முட்டாள்தனமான ஒரு கட்டளையைப் போடுவார். கட்டாயம் போடுவார், போடாத முதலாளியை நான் இன்னும் சந்திக்கவில்லை. மறுத்தால் உங்கள் வேலை போய்விடும். அரைகுறையாகச் செய்தால் பிழை உங்கள் தலையில் விழும். ஆகவே முழுதாகச் செய்யுங்கள். அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள். மீதியை வீடு பார்த்துக்கொள்ளும்.

இது நானாகக் கண்டுபிடித்தது. ஆனால் இந்தத் தொழிலில் இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. அதை எனக்கு ஒருவர் செய்து காட்டினார். நான் ரொறன்ரோவில், பார்க்டேலில் இருந்துகொண்டு ரோஸ்டேல் பக்கத்தில் ஒரு பழைய பணக்கார வீட்டைக் கூட்டித் துடைக்கப் போன காலம். அங்கே வேலையாட்களுக்கெல்லாம் தலைவராக ஒரு பட்லர் இருந்தார். இங்கிலாந்துக்காரர். நடக்கும்போது ஒரு முழங்கால் டிக், டிக் என்று சத்தம் போடும். ஒரு விருந்தில், வீட்டுக்காரி வருந்தி அழைத்த பெரிய மனிதர் உட்கார்ந்த கதிரையின் கால் முறிந்து, மனிதர் மேசைக்குக் கீழே போய்விட்டார். எல்லாருடைய கரண்டியும் அந்தரத்தில் நின்றது. அடுத்த கணம் அறையின் மறு மூலையில் பட்லரின் கையிலிருந்த தட்டம் விழுந்தது. அதிலிருந்த கிளாஸ் அத்தனையும் நொறுங்கின. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. தலைகள் மறுபடி இந்தப் பக்கம் வந்தபோது பெரிய மனிதர் வேறொரு கதிரையில் இருந்து கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

போகும்போது அவர் வீட்டுக்காரியின் காதில், "உங்கள் பட்லருக்கு வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். பரிமாறிய பெண் வந்து இதைச் சொன்னபோது பட்லர் பதக்கம் கிடைத்தவர்போலச் சிரித்தார். "தான் விழவே இல்லை என்று அவரே நம்பிவிட்டார். வேலை சுத்தம்" என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் கடைசியாக வேலைசெய்த வீடு நகரத்துக்கு வடக்கே இருந்தது. முன்னால் வெள்ளைத் தூண்கள், சுற்றிவரக் காணி, குதிரை இல்லாத ஒரு குதிரை லாயம். லாயத்தில் பனி தள்ளும் இயந்திரம் நின்றது. வீட்டுக்காரர் எங்கள் ஊர் மனிதர்தான். பரமேஸ்வரன் என்று பெயர். பரம் அண்ணை என்று கூப்பிடுவோம். பிறம்ரனில் லொறிகளும் பண்டகசாலைகளும் வைத்திருந்தார். மனைவி மனோ அக்கா. தொழில் தொடங்கிய நாட்களில் கணவரோடு சேர்ந்து நின்று பெட்டி கட்டி ஒட்டியவர். கராஜுக்கு மேலே இருந்த அறையில் அன்ரன் அண்ணை இருந்தார். கார் ஓட்டுவதும் பனி தள்ளுவதும் அவர் வேலை. கனடாவுக்கு வந்த புதிதில் பரம் அண்ணையும் அவரும் பார்க்டேலில் ஒரே அறையில், ஒரே மெத்தையில், முறை வைத்துப் படுத்தவர்கள். உலகத்தில் பரம் அண்ணையை "டேய்" என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்தான். நான் ஹவுஸ் மனேஜர். வீட்டின் வேலையாட்கள், சமையல், விருந்து, திருத்தவேலை எல்லாம் என் பொறுப்பு.

நல்ல வீடு. பரம் அண்ணை இங்கிலாந்துக்கு விடுமுறையில் போய்வரும் வரைக்கும் நல்ல வீடு.

அங்கே ஒரு பிரபுவின் மாளிகையில் காசு கட்டித் தங்கியிருக்கிறார். பரம்பரையான பிரபு, கூரை திருத்தக் காசில்லாமல் வீட்டை விருந்தினருக்குத் திறந்துவிட்ட பிரபு. ஒரு பின்னேரம் விருந்தினர் எல்லாரையும் மண்டபத்தில் நிற்கவைத்து, தன் முப்பாட்டன் காலத்தில் இந்த வீடு எப்படி நடந்தது என்று கதை சொல்லியிருக்கிறார். பரம் அண்ணை அதைக் காதால் கேட்கவில்லை, விழுங்கிவிட்டார். திரும்பி வந்த கையோடு எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

"இண்டையிலை இருந்து இந்த வீடு பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபு வீடு மாதிரி நடக்கும்" என்றார்.

"சரி, அண்ணை" என்றேன்.

"அண்ணை இல்லை. சேர்."

"சரி, சேர்."

மனோ அக்கா கை ஈரத்தைத் துடைத்தபடி, "அப்ப மைக்ரோவேவை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"உமக்கேன் அது? பிரபுவின்ரை பெண்சாதி குசினிக்குள்ளை நிக்கிறேல்லை. இனி நீர் உள்ளுக்குப் போகத் தேவையில்லை. அதுக்கெல்லாம் ஆக்கள் இருக்கு."

மனோ அக்கா துடைத்த துணியை மடித்து என் கையில் தந்துவிட்டு மேலே போனார். வீட்டில் ஒரு கண்ணாடி உடைந்தால் சத்தம் கேட்கும், எல்லாரும் ஓடிவருவோம். இப்படியான உடைவுக்குச் சத்தம் இல்லை. நீங்கள்தான் கவனித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

நான் என்ன செய்தேன்? வாசிகசாலைக்குப் போனேன். அந்தக் காலத்துப் பிரபு வீடுகளைப் பற்றிக் கிடைத்த புத்தகத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். முதலாளிக்கு ஒரு பைத்தியம் பிடித்தால் அந்தப் பைத்தியத்தைப் பற்றி அவரைவிடக் கூடுதலாக நீங்கள் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

முதலில் ஃபுட்மன் விவகாரம். மேசையில் பரிமாறவும் வாசலில் நிற்கவும் சீருடை போட்ட ஆண் வேலையாட்கள். அந்தக் காலத்தில் அவர்களைச் சோடியாக, ஒரே உயரத்தில் தேடிப் பிடிப்பார்களாம். நான் கார்த்திக்கைப் பிடித்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை போய் வீட்டில் இருந்தவன், நல்ல உயரம். பொன் சரிகை வைத்த கோட்டையும் வெள்ளை விக்கையும் நீட்டியபோது கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மேடம், இது ஸ்கூல் டிராமா மாதிரியே இருக்கு. பரவால்ல, இன்டர்வியூல அவங்க கேட்ட கேள்விக்கு இது எவ்வளவோ தேவலை" என்று சொல்லிப் போட்டுக்கொண்டான்.

சோடிக்கு ஆள் வேண்டுமே. அளந்து பார்த்ததில் அவன் உயரத்துக்குச் சரியாக அந்த வளவில் இருந்த ஒரே மனிதர் அன்ரன் அண்ணைதான். தொந்தி மட்டும் அவருக்குக் கொஞ்சம் முன்னுக்கு வரும். அவர் மிகுந்த சந்தோஷத்தோடு கையை நீட்டினார்.

"கொண்டா அந்த விக்கை. நான் போடுறன். டேய் பரம், எனக்கு ஒரு வாளும் வேணுமடா!"

பரம் அண்ணை ஒரு ஃபுட்மனோடு சமாளிக்கலாம் என்று தீர்மானித்தார்.

பிறகு நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வழக்கமாக நிறைவேற்றினேன். பிரபுக்கள் இராச்சாப்பாட்டைப் பின்னேரம் நாலு மணிக்கே சாப்பிடுவார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. ஆகவே நாலு மணிக்கு மேசை தயார். பிறம்ரனில் இருந்து நெடுஞ்சாலை நெரிசலில் அதற்கு வந்து சேர, அவர் மத்தியானமே அலுவலகத்தை விட்டுக் கிளம்பவேண்டியிருந்தது. பிரபுக்கள் எதையும் தங்கள் கையால் எடுக்கமாட்டார்கள். ஆகவே அவருடைய ஃபோன் அடித்தால் கார்த்திக் அதை வெள்ளித் தட்டத்தில் வைத்து, நீண்ட விறாந்தை வழியாக, புத்தகத்தில் சொன்ன நடையில் கொண்டுவருவான். அவன் வந்து குனிந்து நீட்டும்போது ஃபோன் ஓய்ந்திருக்கும். மணத்துக்கும் நெருப்புக்கும் பயந்து சமையல்கூடத்தைத் தள்ளியே வைத்திருப்பார்கள், சாப்பாடு ஆறித்தான் மேசைக்கு வரும் என்று இன்னொரு புத்தகம். நான் சமையலை லாயத்துக்குப் பக்கத்திலிருந்த வெளிக் கட்டிடத்துக்கு மாற்றினேன். கார்த்திகை மாதக் குளிரில் ஆட்டிறைச்சி வளவைக் கடந்து வந்து சேர்ந்தபோது கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

"இது இப்பிடித்தானோ இருக்கும்?" என்று முள்ளுக்கரண்டியால் தட்டிப் பார்த்தார். டொக் என்றது.

"அந்தக் காலத்திலை இப்பிடித்தான், சேர்."

மனிதர் சாப்பிட்டார். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

ஆனால் அவரை மடக்கியது தேயிலை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் தேயிலை பொன்போல. பூட்டுப் போட்ட அழகான பெட்டியில் வைத்து, அதன் சாவியை வீட்டுச் சீமாட்டிதான் வைத்திருப்பார். இதை நான் சொன்னதும் பரம் அண்ணைக்குப் புல்லரித்துவிட்டது. ஏலத்தில் ஒரு பழங்காலத் தேயிலைப் பெட்டியை எடுத்தார். வீட்டிலிருந்த தேயிலை எல்லாம் அதற்குள் போகவேண்டும், வேறு எங்கேயும் இருக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். சாவியை மனோ அக்காவின் கையில் வைத்து, "இந்தாரும் திறப்பு. குசினி இல்லாட்டி என்ன? இதுதான் மரியாதை" என்றார்.

மனோ அக்கா சாவியைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடினார். அடுத்தநாள் காலையில் ஒரு சூட்கேசோடு இறங்கி வந்தார்.

"நான் அஜின்கோர்ட்டிலை தங்கச்சி வீட்டை போறன், சந்திரா. கொஞ்சநாள் இருந்திட்டு வாறன். பிறம்ரனிலை பெட்டி கட்டேக்கை என்னை ஆரும் சீமாட்டி எண்டு சொல்லேல்லை. அப்ப நான் சமைச்சதைத்தான் லொறிக்குள்ளை இருந்து சாப்பிட்டவர். இப்ப நான் சட்டி தொடக் குடாதாம்."

அன்ரன் அண்ணை அவரைக் கொண்டுபோய் விட்டார். சாவியும் போனது.

பரம் அண்ணை ஒரு நாளைக்கு எத்தனை முறை தேத்தண்ணி குடிப்பார் என்று எண்ணி முடிக்க ஏலாது. பழங்காலப் பெட்டியை உடைக்க மனம் வரவில்லை. கடையில் தேயிலை வாங்கச் சொன்னால், தான் போட்ட கட்டளையைத் தானே மீறியதாகிவிடும். மனைவியைக் கூப்பிட்டால் தோற்றதாகிவிடும். அலுவலகம் போகும் வழியில் ஒரு கோப்பிக் கடையின் யன்னலில் காரை நிறுத்தச் சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் நீட்டி வாங்கிக் குடித்தாராம். அன்ரன் அண்ணை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இந்த நிலையில்தான் கடிவாளம் என் கையை விட்டுப் போனது. அந்த இங்கிலாந்துப் பிரபு உறவினர் கல்யாணத்துக்காக ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று தெரிந்து, பரம் அண்ணை அவரை விருந்துக்கும் ஒருநாள் தங்குவதற்கும் அழைத்துவிட்டார். அவர் வருவதற்கு முதல்நாள் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அன்ரனை நிப்பாட்டவேணும்."

"நாளைக்கு மட்டுமோ, சேர்?"

"முழுக்க. அந்த மனிசனுக்கு முன்னாலை இவன் என்னை டேய் எண்டு கூப்பிட்டானெண்டால் நான் எங்கை போய் முகத்தை வைக்கிறது? நீர் போய்ச் சொல்லும். நல்லாய்க் காசு குடுத்து அனுப்பும்."

அதுவரைக்கும் எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஆறின இறைச்சியும் விக்கும் யாருக்கும் கெடுதல் செய்யாது. இது அப்படியில்லை. "மாட்டேன்" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவர் என்னையும் நிறுத்திவிட்டு, அன்ரன் அண்ணையிடம் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சொல்லலாம், சேர். ஆனால் அந்தக் காலத்திலை பழைய வேலையாளை நிப்பாட்டுறதெண்டால் மனேஜர் சொல்லுறேல்லை. பிரபுவே நேரிலை கூப்பிட்டு, கை குடுத்து, ஏனெண்டும் சொல்லவேணும்."

"அப்பிடியோ?"

"அப்பிடித்தான், சேர்."

அப்படி ஒரு வழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த இடத்தில் நின்றபடியே நான் கட்டிய வழக்கம் அது. பரம் அண்ணை மேசையைத் தடவினார். யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "சரி, அந்தாள் வந்து போகட்டும். அதுக்குப் பிறகு பாப்பம். அதுமட்டும் அவனைக் கராஜை விட்டு இறங்க விடாதையும்" என்றார்.

அடுத்தநாள் பிரபு சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். அவர் முந்தி வந்துவிட்டார். கார்த்திக் பின்னால் நின்று விக்குக்கு மா போட்டுக்கொண்டிருந்தான். பரம் அண்ணை இங்கிலாந்தில் தைப்பித்து எடுத்த, சரிகை வைத்த வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்வையிட வந்தவர், கதவிலிருந்த பித்தளை வளையத்தில் ஒரு விரல் அடையாளத்தைக் கண்டிருக்கிறார். கைக்குட்டையை எடுத்து, வாயால் ஊதி ஊதி, அதைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பின்னால் டாக்சி வந்து நின்றது.

நான் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். திறந்த கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். ஒல்லியான, உயரமான கிழவர் இறங்கினார். சரிகை வைத்த கோட்டோடு ஒரு மண்ணிறத் தோல் மனிதர் பித்தளை தேய்ப்பதைப் பார்த்தார். இங்கிலாந்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஒருமுறை கைகுலுக்கிய முகம் அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? தன் மேற்கோட்டைக் கழற்றிப் பரம் அண்ணையின் கைகளில் போட்டார். அதன் மேல் தொப்பியை வைத்தார். குடையையும் கொடுத்தார்.

"மிக்க நன்றி. நான் வந்துவிட்டேன் என்று உங்கள் எஜமானிடம் சொல்கிறீர்களா?" என்றார், நல்ல மரியாதையாக.

பரம் அண்ணை அசையவில்லை. காது இரண்டும் கறுத்துச் சிவந்தன.

இப்போது நீங்கள் அந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவர்தான் வீட்டுக்காரர்" என்று சொன்னால் அந்தக் கிழவர் வெட்கத்தால் அடுத்த விமானத்தைப் பிடிப்பார். பரம் அண்ணைக்கு நடந்தது ஊரறிய நடந்ததாகிவிடும். பேசாமல் விட்டால் சாப்பாட்டு மேசையில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வார்கள். போட்டு உடைப்பதற்குக் கையில் தட்டமும் இல்லை.

நான் படிகளில் வேகமாக இறங்கி, மண்டபம் அதிரும் குரலில் ஆங்கிலத்தில் சொன்னேன்:

"வாருங்கள், பிரபு, வாருங்கள்! பார்த்தீர்களா, வாசலுக்கு எங்களில் ஒருவரையும் வர விடவில்லை. எங்கள் ஊரில் அப்படி. மதிப்பான விருந்தினர் வந்தால் வீட்டுக்காரரே வாசலில் நிற்கவேண்டும். வந்தவரின் கையில் இருப்பதைத் தன் கையால் வாங்கவேண்டும். காலையிலிருந்து திரு. பரமேஸ்வரன் இங்கேதான் நிற்கிறார்."

பிரபுவின் கண் ஒருதரம் என்னைப் பார்த்தது, ஒருதரம் கோட்டைப் பார்த்தது. பிறகு அவர் தலையைக் குனிந்து, "எனக்கு யாரும் இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை, ஐயா" என்று கையை நீட்டினார். குலுக்குவதற்குப் பரம் அண்ணையிடம் வெறுங்கை இல்லை. குடையை நீட்டினார். பிரபு குடையைப் பிடித்துக் குலுக்கினார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் பிரபு கேட்ட முதல் கேள்வி: "ஒரு கோப்பை தேநீர் கிடைக்குமா?"

தொடங்கிய வழக்கத்தை நடுவழியில் விட முடியாது. "கிடைக்கும், பிரபு. ஆனால் எங்கள் ஊரில் விருந்தினருக்குத் தேநீர் வீட்டுச் சீமாட்டியின் கையால்தான் கொடுப்போம். அவர் வந்துகொண்டிருக்கிறார். அதற்குள் நீங்கள் குளித்துக் களைப்பாறுங்கள்" என்று கார்த்திக்கோடு மேலே அனுப்பிவைத்தேன்.

பரம் அண்ணை விறாந்தையில் என்னைப் பிடித்தார். "மனோ எங்கை வாறாள்?"

"நீங்கள் கூப்பிட்டால் வருவா, சேர்."

"அவள் என்ரை ஃபோனை எடுக்கமாட்டாள்."

"அன்ரன் அண்ணை போய்க் கேட்டால் வருவா. அவரை நீங்கள்தான் கேக்கவேணும்."

அவர் வெல்வெட் கோட்டோடு பனிச் சேற்றில் நடந்து கராஜுக்குப் போனார். நான் பின்னால் போனேன். அன்ரன் அண்ணை மாடிப்படியில் இருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டேய் பரம், என்னடா கோலம் உது? பாண்ட் வாசிக்கப் போறியோ?"

"அன்ரன், மனோவைக் கூட்டிக்கொண்டு வாடா."

"என்னத்தைச் சொல்லிக் கூப்பிட?"

பரம் அண்ணை காலால் பனியைத் தள்ளினார். "குசினி அவளின்ரைதான் எண்டு சொல்லு."

"பொறு. வேறை?"

"வேறை என்ன?"

"ஆறின இறைச்சி திண்டு வயித்தைக் கெடுத்துப்போட்டான் எண்டு சொல்லட்டோ? அதுக்குத்தான் கெதியாய் வருவாள்."

"என்னத்தையெண்டாலும் சொல்லித் துலை, போ!"

மனோ அக்கா வந்தார். முன் கதவால் வந்தார். கணவரைத் தாண்டி நேரே குசினிக்குள் போய், தேயிலைப் பெட்டியைத் திறந்து, கேத்திலை அடுப்பில் வைத்தார். நான் புது வழக்கத்தை அவர் காதில் போட்டேன். தேத்தண்ணி ஊற்றி முடிந்ததும் குசினி வாசலில் நின்ற கணவரைப் பார்த்து, "எங்கடை ஊர் வழக்கமாமே. அப்ப நீரே தட்டத்தைத் தூக்கும்" என்றார். பரம் அண்ணை தூக்கினார். பிரபு மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு கையாலும் கோப்பையை வாங்கினார்.

எல்லாம் கூடிவந்த அந்த நேரம் பார்த்து, மனோ அக்காவின் சூட்கேசோடு அன்ரன் அண்ணை மண்டபத்துக்குள் நுழைந்தார்.

"டேய் பரம்! கார் திறப்பை எங்கையடா வைக்க?"

பிரபு மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "அவர் உங்கள் எஜமானை என்ன சொல்லி அழைத்தார்?"

"அது ஒரு பட்டம், பிரபு" என்றேன். "மிக நெருங்கியவர்கள் மட்டும் சொல்லலாம்."

"அப்படியானால் அந்த மனிதர் ஏன் நிற்கிறார்? எங்களோடு இருந்து சாப்பிடவேண்டும் அல்லவா?"

அன்று இராச்சாப்பாட்டுக்கு அன்ரன் அண்ணை பிரபுவுக்குப் பக்கத்தில் இருந்தார். சாப்பாடு சுடச்சுட வந்தது. வைன் இரண்டு சுற்றுப் போனபின், தானும் இப்போது நெருங்கியவன்தான் என்று பிரபுவுக்குத் தோன்றியிருக்கவேண்டும். எழுந்து நின்று கிளாஸை உயர்த்தினார். முகத்தில் பெரிய பக்தி.

"என் அருமை நண்பர், டேய் பரம் அவர்களுக்கு!"

கார்த்திக் தட்டத்தைச் சுவரோரமாக வைத்துவிட்டு வெளியே ஓடினான். மனோ அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். கிழமைக் கணக்காகச் சிரிக்காத மனுஷி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பரம் அண்ணை அவரைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பிரபுவை வழியனுப்ப டாக்சி வரைக்கும் போனேன். கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அந்த வழக்கம், விருந்தினரின் பொருளை வீட்டுக்காரர் வாங்குவது, அது உண்மையாகவே இருக்கிறதா?"

"இருக்கிறது, பிரபு."

"ஒரு நிமிஷம் நான் பயங்கரமான பிழை விட்டுவிட்டேனோ என்று பயந்தேன்."

"இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பிழைவிடுவதில்லை" என்றேன். அவர் என் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திவிட்டு ஏறினார்.

திரும்பி வந்தால் பரம் அண்ணை மண்டபத்தில், படியில் உட்கார்ந்திருந்தார். வெல்வெட் கோட் இல்லை; வீட்டில் போடும் பழைய சுவெற்றர்.

"உண்மையைச் சொல்லும், சந்திரா. அந்தாள் என்னை வேலைக்காரன் எண்டுதானே நினைச்சவர்?"

"அப்பிடி ஒண்டும் அவர் என்னட்டைச் சொல்லேல்லை, அண்ணை."

இப்படியான பதில்களை நீங்கள் பழகவேண்டும். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவர் அதை விடவில்லை.

"அவர் நினைச்சது போகட்டும். என்ரை கை நீண்டதே, அதுதான் எனக்கு. இஞ்சை வந்த முதல் வருசம் டவுன்ரவுனிலை ஒரு விருந்து மண்டபத்திலை கோட் வாங்கித் தொங்கவிடுற வேலை பாத்தனான். மனோவுக்கும் தெரியாது. அன்ரனுக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளையன் தோளை ஆட்டினவுடனை என்ரை கை தானாய்ப் போச்சுது. நான் போடச் சொல்லேல்லை. தானாய்ப் போச்சுது."

அவருடைய கண் கலங்கியிருந்தது. ஆறுதல் சொல்வது எங்கள் வேலை இல்லை. பார்க்காததுபோல நிற்பதும் அந்த நேரத்தில் சரியில்லை. நான் தொழில்காரியாக ஒரு கருத்துச் சொன்னேன்.

"வடிவாய் வாங்கினனீங்கள், அண்ணை. மேலை தொப்பி, குடை எல்லாம் வந்தும் கோட் கசங்கேல்லை. கார்த்திக் வாங்கினால் சாக்குத் தூக்கிற மாதிரி இருக்கும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பகிடி பண்ணுகிறேனா என்று என் முகத்தில் தேடினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பினார்.

"கார்த்திக்கைக் கூப்பிடும். அன்ரனையும் வரச் சொல்லும்."

அன்ரன் அண்ணையை வேலையிலிருந்து நிறுத்துவதற்குத்தான் கூப்பிடுகிறாரோ என்று நினைத்தேன். ஆனால் அன்ரன் அண்ணை வந்ததும் அவரைத் தன்னுடைய குளிர்க் கோட்டைப் போடச்சொல்லி, வாசலுக்கு வெளியே அனுப்பி, மறுபடி உள்ளே வரச்சொன்னார். கார்த்திக் கையை நீட்டினான்.

"அப்பிடியில்லைத் தம்பி. கொலரிலை பிடியும். ஆள் கையை இழுக்கேக்கை நீர் ஒரு அடி பின்னாலை வரவேணும், இழுக்கக் குடாது. கோட்டைப் பாக்காதையும். ஆளின்ரை முகத்தைப் பாரும்."

"சார், இப்படியா?"

"ஓம், இப்ப சரி. டேய் அன்ரன், திரும்பப் போட்டுக்கொண்டு வா."

அன்ரன் அண்ணை அன்று மத்தியானம் வரைக்கும் வெளியே போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் தலையைக் கொஞ்சம் கூடுதலாக நிமிர்த்தி, கோட்டைக் கொஞ்சம் கூடுதல் அலட்சியமாகக் கழற்றினார். குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்துங்கோ என்று குசினிக்குள் இருந்து மனோ அக்கா சத்தம் போட்டார். ஒருவரும் சாத்தவில்லை.